வானொலி நிலையத்து நகைச்சுவைக்கு அந்தக் கூடத்தை அறிந்திருக்க வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் எங்கள் சேலத்தில் அரங்கேறிய நகைச்சுவை நாடகம் ஒன்றைப் பாராட்டித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளிவந்த குறிப்பைப் படித்த பின் இக்கடிதத்தை எழுதுகிறேன். 1930-களின் வானொலி நிலையம் ஒன்றின் உட்புறத்தைக் களமாகக் கொண்ட அந்நாடகத்தை நானும் பார்த்தேன். குழுவின் பெயரையோ நடித்தவர்களின் பெயரையோ இங்கே குறிப்பிட நான் விரும்பவில்லை. அவர்கள் இளைஞர்கள், உழைப்பாளிகள். விடுமுறை நாளில் அரங்கை நிறைத்துக் காட்டியவர்கள். இப்படி ஒரு களத்தைத் தேர்ந்தெடுத்ததற்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆயினும் அந்தக் களம் தரக்கூடிய சிரிப்பில் கால் பங்கைக்கூட அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. வானொலி நாடகங்களில் தற்காலிகக் கலைஞனாகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தவன் என்ற முறையில், அந்த வருத்தத்தின் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

அந்நாடகத்தில் அறிவிப்பாளர் ஒரு தற்பெருமைக்காரர். பொறியாளர், எந்தக் கம்பியைத் தொட்டாலும் மின்னதிர்ச்சி வாங்கித் துள்ளுகிறவர். கிராமத்திலிருந்து வாசிக்க வந்த நாகசுர வித்துவான், ஒலிவாங்கியைப் பாம்பு என்று நினைத்து மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறார். தறி நெய்யும் குடும்பத்திலிருந்து வந்த பெண்ணொருத்தி நம் ஊர்ப் பேச்சில் வாய் திறக்கும்போதெல்லாம் மற்றப் பாத்திரங்கள் முகத்தைச் சுளிக்கின்றன. மக்கள் சிரித்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு முழுவதும் அந்த மனிதர்களின் அறியாமையைப் பார்த்து எழுந்தது. அதே காட்சிகளை ஒரு தபால் நிலையத்திலோ இரயில் நிலையத்திலோ வைத்திருந்தாலும் ஒரு வசனம்கூட மாற்ற வேண்டியிருந்திராது. வானொலி நிலையத்துக்கு மட்டுமே உரிய சிரிப்பு எதுவும் அதில் இல்லை என்பதே என் முறையீடு. அக்காலத்து ஒலிபரப்பாளர்கள் அறிவிலிகள் அல்லர். இதுவரை எவரும் செய்திராத ஒரு வேலையை, அதற்குப் போதுமான கருவிகள் இல்லாத காலத்தில், மிகுந்த கவனத்தோடு செய்தவர்கள். அவர்களைச் சுற்றி நடந்தவை வேடிக்கையாக அமைந்ததற்குக் காரணமே அவர்களுடைய அந்தக் கவனம்தான்.

சென்னையில் தொடங்கியதையே எடுத்துக்கொள்வோம். 1924-ஆம் ஆண்டு மே 16 அன்று சி. வி. கிருஷ்ணசாமி செட்டி அவர்களின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவானது. அரசாங்கம் கேட்காமல், எந்தக் கம்பெனியும் முதல் போடாமல், ஆர்வலர்கள் சிலர் கூடி அமைத்த கழகம் அது. 40 வாட் ஆற்றலுள்ள ஒரு பரப்பியை (டிரான்ஸ்மிட்டரை) வைத்துக்கொண்டு, அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டார்கள். இன்று ஒரு வீட்டுக் கூடத்தில் எரிந்த பழைய குண்டு பல்பை நினைத்துக்கொண்டால் 40 வாட் என்பது எவ்வளவு என்று விளங்கும். பின்னர் 200 வாட் பரப்பி வந்தது. ஆனால் பணம் வரவில்லை. 1927 அக்டோபரில் கழகம் ஒலிபரப்பை நிறுத்த நேர்ந்தது. பரப்பி சென்னை மாநகராட்சியின் கைக்குப் போய், 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. குப்பை அள்ளுவதையும் தெருவிளக்கு ஏற்றுவதையும் கவனித்த ஒரு நிர்வாகம், மாலை நேரத்தில் சங்கீதக் கச்சேரியையும் பள்ளிப் பிள்ளைகளுக்கான கதையையும் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டது என்பதை எண்ணிப் பாருங்கள். மெரினா கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து மக்களுக்குப் பாட்டுக் கேட்க ஏற்பாடு செய்தார்கள். ஒரு நகைச்சுவை நாடகத்துக்கு இதைவிட நல்ல களம் எது? அந்தக் கழகத்தின் செயற்குழுக் கூட்டம் ஒன்றை மேடையில் வையுங்கள். கச்சேரி தொடங்க இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவரே அன்றைய பாடகராகவும் இருக்கிறார். பொருளாளர் அவரிடம் பணம் கேட்பதா, சுருதி சேர்க்க விடுவதா? இங்கே எவரும் முட்டாள் இல்லை. எல்லாருக்கும் நியாயம் இருக்கிறது. சிரிப்பு தானாக வரும்.

இங்கிலாந்திலும் இதே நிலைமைதான். செம்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள ரிட்டில் என்ற சிற்றூரில், பழைய இராணுவக் குடிசை ஒன்றில் இருந்துகொண்டு, 1922 பிப்ரவரி 14 முதல் செவ்வாய்க்கிழமை மாலைதோறும் மார்க்கோனி கம்பெனியின் பொறியாளர்கள் அரை மணி நேரம் ஒலிபரப்பினார்கள். இசைத்தட்டுகளை வரிசைப்படி வைப்பதுதான் அவர்களுக்கு இடப்பட்ட பணி. அரசு உரிமத்தின் நிபந்தனையோ கடுமையானது: ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் மூன்று நிமிடம் பரப்பியை நிறுத்திவிட்டு, 'நீங்கள் இடைஞ்சல் செய்கிறீர்கள், நிறுத்துங்கள்' என்று எவரேனும் அழைக்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பாட்டு நடுவில் இருந்தாலும் நிற்க வேண்டியதுதான். அந்தக் குழுவின் தலைவர் பீட்டர் எக்கர்ஸ்லி ஒரு மாலை தாமே ஒலிவாங்கியின் முன் வந்து, வரிசையை மறந்து, மனம்போனபடி வேடிக்கையாகப் பேசத் தொடங்கினார். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த நாட்களில் வந்து குவிந்த அஞ்சலட்டைகள் எல்லாம், இன்னும் அவரைப் பேச விடுங்கள் என்றே கேட்டன. இசை நாடகப் பாடகர்களைப் போலப் பாடிக் காட்டியும், தம் குழுவினரையே கிண்டல் செய்தும் அவர் வாரந்தோறும் நேயர்களைச் சிரிக்க வைத்தார். இவர் கோமாளியல்லர். அடுத்த ஆண்டே பிபிசியின் முதல் தலைமைப் பொறியாளராகி, அந்நாட்டின் ஒலிபரப்பு வலையையே திட்டமிட்டவர். தம் தொழிலில் முழுத் தேர்ச்சி உள்ள ஒருவருக்குத்தான் அதை வைத்து விளையாட முடியும். நம் நாடகத்தில் மின்னதிர்ச்சி வாங்கித் துள்ளிய பொறியாளரைப் பார்த்தபோது எனக்கு எக்கர்ஸ்லியின் நினைவுதான் வந்தது.

பிபிசியின் பொது மேலாளராக இருந்த ஜான் ரீத், மாலை நேர அறிவிப்பாளர்கள் விருந்துக்குச் செல்லும் கறுப்பு அங்கியோடுதான் ஒலிவாங்கியின் முன் அமர வேண்டும் என்று விதித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. கண்ணுக்கே தெரியாத நேயருக்கு எதற்கு இந்த அலங்காரம் என்று நாம் சிரிக்கிறோம். அப்படியே உடுத்தி வரும் கலைஞர்களுக்கு நிலையத்தார் காட்டும் மரியாதை அது என்பது அவர் கருத்து. அவரை ஏளனம் செய்யாமலேயே அந்தக் காட்சியில் சிரிக்க இடமிருக்கிறது. எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுவதும் கனத்த திரைகளைத் தொங்கவிட்ட அறை. காற்று நுழைய வழியில்லை. உள்ளே கழுத்துவரை பொத்தானிட்ட மனிதர். 1930-ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று மாலைச் செய்தி நேரத்தில், அறிவிப்பாளர் 'இன்று செய்தி எதுவும் இல்லை' என்று சொல்லிவிட, மீதி நேரம் பியானோ இசையால் நிரப்பப்பட்டது. இதுவும் உண்மையாக நடந்ததே. இந்த ஒரு வரியைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன் அந்த அறையில் எத்தனை பேச்சு நடந்திருக்கும் என்று கற்பனை செய்தாலே ஓர் அங்கம் எழுதிவிடலாம்.

இனி, நான் சொல்ல வந்ததன் மையத்துக்கு வருகிறேன். வானொலி நாடகத்தில் இரண்டு உலகங்கள் உண்டு. நேயரின் காதில் ஒன்று. ஒலிபரப்புக் கூடத்தின், அதாவது ஸ்டுடியோவின், தரையில் மற்றொன்று. நேயர் கேட்பது பாண்டியன் அவையை. கூடத்தில் நிற்பதோ கையில் தாளும் தோளில் துண்டுமாக வியர்வை ஒற்றிக்கொள்ளும் ஆறு பேர். மின்விசிறியின் ஓசை ஒலிவாங்கியில் ஏறிவிடும் என்பதால் அதையும் நிறுத்தியிருப்பார்கள். அரசனாகக் குரல் கொடுப்பவர் ஒல்லியான எழுத்தராக இருப்பார். இளவரசிக்குக் குரல் கொடுப்பவர் பேரன் எடுத்தவராக இருப்பார். தொட்டிலில் அழும் குழந்தை, மீசை வைத்த ஒரு பெரியவர். எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒலிவாங்கி என்றால், தம் வசனம் முடிந்தவர் ஓசையில்லாமல் விலகி அடுத்தவருக்கு இடம்விட வேண்டும்; உயரம் குறைந்தவருக்கு ஒரு மணைப்பலகை போட வேண்டும். ஒருவர் குதிரையேறித் தொலைவுக்குப் போகிறார் என்றால், அவர் பேசிக்கொண்டே பின்புறமாக நடக்க வேண்டும். பின்னால் மிருதங்கத்தோடு அமர்ந்திருப்பவரின் மேல் விழாமல் நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைத்துவிட வேண்டும். பட்டுப் புடவையின் சரசரப்பும் பகைதான். நம் சேலத்து வெண்பட்டு வேட்டியைப் புதிதாக உடுத்திக்கொண்டு, முதல் ஒலிபரப்பாயிற்றே என்ற பெருமிதத்தோடு ஒருவர் வந்தால், அவர் ஒவ்வொரு முறை காலை மாற்றி நிற்கும்போதும் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் பொறியாளரின் முகம் எப்படி மாறும்! அந்த வேட்டியையும் நாம் மதிக்கிறோம், பொறியாளரின் கவலையையும் மதிக்கிறோம். இங்கே பிறக்கும் சிரிப்பு எவரையும் சிறுமைப்படுத்தாது.

ஒலிக்குறிப்புக் கலைஞரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த நாடகத்தில் அவர் வரவேயில்லை என்பதுதான் என் பெரிய குறை. இரண்டு கொட்டாங்குச்சிகளை மணல் தட்டில் மாற்றி மாற்றி வைத்தால் குதிரை நடக்கும். வேகமாக வைத்தால் ஓடும். கருங்கல்லின் மேல் வைத்தால் கோட்டைக்குள் நுழையும். முறத்தில் உலர்ந்த பட்டாணியை உருட்டினால் மழை. தகரத் தகட்டை ஒரு முனையில் பிடித்து அசைத்தால் இடி. கண்ணாடித் தாளைக் கசக்கினால் காடு பற்றி எரியும். குடையைச் சட்டென்று விரித்து மடக்கினால் பெரிய பறவை சிறகடித்து எழும். தாழ்ப்பாளோடு கூடிய சிறு கதவொன்று சட்டத்தில் பொருத்தித் தயாராக நிற்கும். இவை எல்லாவற்றையும் ஒரே ஆள், காலணியைக் கழற்றிவிட்டு, தயாரிப்பாளரின் விரலசைவைப் பார்த்துக்கொண்டே செய்வார். கதாநாயகன் 'மழை நின்றுவிட்டது' என்று சொல்லும் கணத்தில் முறத்திலிருந்து ஒரு பட்டாணி தரையில் உருண்டோடினால் போதும். நாடகமெல்லாம் நேரடியாக ஒலிபரப்பான காலத்தில் திரும்ப ஒருமுறை எடுக்க வழியே கிடையாது. அந்தப் பட்டாணியின் ஓட்டத்தைக் கூடத்தில் உள்ள அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதும், எவரும் சிரித்துவிடக் கூடாது என்பதும், அடுத்த வசனம் சோக வசனம் என்பதும் ஒன்றாகச் சேரும் அந்த இடத்தை மேடையில் காட்டினால் பார்வையாளர் அடக்க முடியாமல் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வானொலிக்கே உரியது. தபால் நிலையத்தில் அது கிடைக்காது.

கைப்பிரதியைத் தைக்காமல் தனித்தனித் தாள்களாகவே வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் காலம்வரை இருந்தது. புரட்டும் ஓசை கேட்கக் கூடாது என்பதற்காகப் படித்து முடித்த தாளை அப்படியே காலடியில் நழுவ விடுவோம். ஒரு பக்கம் வரிசை மாறிவிட்டால் பெண் பார்க்க வந்தவர் அறிமுகமாவதற்கு முன்பே தாலி கட்டிவிடுவார். அனுபவமுள்ள ஒரு நடிகர் அத்தகைய தருணத்தில் கண நேரத்தில் ஒரு வசனத்தைக் கற்பனை செய்து கதையைக் கரை சேர்ப்பதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அவரது திறமையை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. எழுதுகிறவர்கள் அந்தத் திறமையையும் சேர்த்துக் காட்டட்டும்.

இந்தக் களத்துக்குள் சேலத்துக்கென்றே ஒரு கதை காத்திருக்கிறது. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியம் தடை செய்யப்பட்டது. அதன் கட்டைகள் நிலையான சுரங்களில் நிற்பவை. நம் இசைக்கு உயிரான கமகத்துக்கும் குழைவுக்கும் அதில் இடமில்லை என்பது தடைக்குச் சொல்லப்பட்ட காரணம். தாகூர் போன்ற பெரியவர்களும் அந்தக் கருவியை விரும்பவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. சங்கீத மேடைக்கு அது ஒருவாறு பொருந்தலாம். ஆனால் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த நம் நாடக மேடைக்கு ஆர்மோனியம் என்பது பக்கவாத்தியம் மட்டும் இல்லை. நடிகருக்குச் சுருதி கொடுப்பவரும், பின்பாட்டுப் பாடுபவரும், நடிகர் வசனத்தை மறந்தால் ஒரு சுரத்தை நீட்டி நேரம் தருபவரும் ஆர்மோனியக்காரரே. நடிகர்கள் தனித்தனியே வந்து ஒன்றுகூடி நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் அவர்தான் முதலில் அரங்கேறுபவர். நாடகத்தின் பாதிப் பொறுப்பு அவருடையது. இப்போது சேலத்துக் குகைப் பகுதியிலிருந்தோ அம்மாப்பேட்டையிலிருந்தோ ஒரு நாடகக் குழு, வானொலியில் அரை மணி நேரம் நடிக்க வாய்ப்புக் கிடைத்து, ஆர்மோனியப் பெட்டியை இரயிலில் ஏற்றிக்கொண்டு நிலையத்தின் வாசலில் போய் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு அனுமதி இல்லை. பெட்டியை வாசித்தவருக்கு மட்டும் உண்டு. உள்ளே தம்பூராவும் வயலினும் தயாராக இருக்கின்றன. வயலின்காரரோ கச்சேரி மரபில் வந்தவர், கண்ணியமானவர், உதவ வேண்டும் என்றே நினைக்கிறார், ஆனால் வள்ளி திருமண விருத்தத்துக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. ஆர்மோனியக்காரர் வெறுங்கையோடு கூடத்தின் மூலையில் அமர்ந்து, தொடையின் மேல் விரல்களால் வாசித்துக்கொண்டே, கண்ணாலும் தலையசைப்பாலும் முழு நாடகத்தையும் நடத்திக் கொடுக்கிறார். நிலைய அதிகாரிக்கும் அது தெரிகிறது. விரல் அசைவது விதிமீறலா என்று அவருக்குக் கேள்வி எழுகிறது. மேலிடத்துக்கு எழுதிக் கேட்கவும் முடியாது, ஏனெனில் ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கிறது. இது என் கற்பனைதான். ஆயினும் அந்தத் தடை உண்மை, அந்த மேடை மரபு உண்மை. இப்படியொரு நாடகத்தைச் சேலத்தில் எழுதி, சேலத்தில் நடித்து, தமிழ்நாடு முழுதும் கொண்டு செல்லலாம் என்று நான் மனமார நம்புகிறேன்.

நாகசுர வித்துவான் விஷயத்திலும் இதையே சொல்வேன். திறந்த வெளியில், கோயில் வீதியில், ஊர் முழுதும் கேட்க ஊதிப் பழகிய ஒருவரைத் திரை போட்ட சிறு அறைக்குள் உட்கார வைத்தால் திணறுவது அவர் மட்டுமா? அவரை எவ்வளவு தூரத்தில் அமர்த்துவது, தவிலை இன்னும் எவ்வளவு பின்னால் தள்ளுவது என்று தவிப்பவர் பொறியாளர். மல்லாரியைக் கேட்டே வளர்ந்தவராக அவர் இருந்தால், தம் காதை நம்புவதா, அளவைக் காட்டும் முள்ளை நம்புவதா என்ற குழப்பம் வேறு. இரவெல்லாம் இராக ஆலாபனை செய்தவரிடம், தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் முப்பது நிமிடம் என்று பணிவாகச் சொல்ல வேண்டிய அறிவிப்பாளரின் நிலைமையும் எளியதன்று. ஒலிவாங்கியைப் பாம்பென்று நினைப்பதாக எழுதியவர், இந்த மூவரின் தவிப்பையும் விட்டுவிட்டார்.

கேட்டவர்களும் இந்தக் கதைக்குள் வர வேண்டும். 1938 ஜூன் 16 அன்று சென்னை நிலையம் தொடங்கியபோது மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவர் இராஜாஜி. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நம் சேலம் நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர். சென்னை நகரத்துக்கு 250 வாட் மத்திய அலைப் பரப்பி. வெளியூர்களுக்கு 10 கிலோவாட் சிற்றலைப் பரப்பி. 1939 மே 16 அன்று திருச்சி நிலையம் வந்த பிறகுதான் நம் பகுதிக்கு அருகில் ஒரு மத்திய அலை கிடைத்தது. அதுவரை சிற்றலையில் வந்த குரல் ஏறியும் இறங்கியும் கரகரத்தும்தான் வந்திருக்கும். சேர்வராயன் மலையில் கோடை இடி இடித்தால் பெட்டியில் பட்டாசு வெடிக்கும். கூரையின் மேல் கட்டிய ஏரியல் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துப் பங்களாவில் பெட்டி வைத்திருந்தவருக்கும், பின்னாளில் ஊர்ப் பூங்காவிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒலிபெருக்கிக்கு அடியில் கூடியவர்களுக்கும் ஒரே கவலைதான்: கதையின் முடிவு வரும்போது இடி வந்துவிடக் கூடாதே என்பது. கூடத்தில் தகரத் தகட்டை அசைத்து இடி உண்டாக்குகிறார்கள். மலையில் உண்மை இடி அதை மூழ்கடிக்கிறது. மேடையின் ஒரு பாதியில் நிலையத்தையும் மறுபாதியில் ஏற்காட்டு வீடொன்றையும் வைத்தால், கூடத்தில் நடக்கும் ஒவ்வொரு தவறுக்கும் மலையில் ஒரு பொருள் கிடைக்கும். அங்கே பட்டாணி உருள, இங்கே கேட்கும் பாட்டி, திருடன் மாடியில் ஏறுகிறான் என்று பேரனுக்குச் சொல்லட்டும்.

கொழும்பில் 1925 டிசம்பரில் எட்வர்ட் ஹார்ப்பர் தொடங்கிய வானொலி நிலையம், பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் கம்பியில்லாத் தந்திக் கருவிகளைக் கொண்டு பரப்பியை அமைத்துக்கொண்டதையும் ஒரு வரியில் சேர்க்கிறேன். போருக்கென்று செய்த கருவி இசைத்தட்டுப் பாட்டைப் பரப்பியது. பிற்காலத்தில் நம் தமிழ்நாட்டு வீடுகளையெல்லாம் ஆண்ட இலங்கை வானொலியின் முன்னோர் அது.

அதிகார மட்டத்தில்கூட நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை. பிபிசியிலிருந்து வந்து இந்திய ஒலிபரப்புக்குத் தலைமை ஏற்ற லயனல் ஃபீல்டன், நிலையங்களுக்கு நல்ல பெயர் வைக்க விரும்பினார். செயலகத்தில் எதிர்ப்பு. எனவே ஒரு விருந்து முடிந்ததும் வைஸ்ராய் லின்லித்கோவை அணுகி, தமக்கு யோசனை தோன்றாதது போலப் பேசி, 'ஆல் இந்தியா' என்ற சொற்களையும் பிறகு 'ரேடியோ' என்ற சொல்லையும் வைஸ்ராயின் வாயிலிருந்தே வரவழைத்துவிட்டார். தாமே கண்டுபிடித்த பெயர் என்று வைஸ்ராய் மகிழ்ந்தார், எதிர்ப்பும் அடங்கியது. 1936 ஜூன் 8 அன்று அந்தப் பெயர் வழக்கத்துக்கு வந்தது. ஃபீல்டனே பின்னாளில் இதை எழுதி வைத்தார். இரண்டு நடிகர்கள், ஒரு மேசை, ஐந்து நிமிடம், வேறென்ன வேண்டும்?

நகைச்சுவை நாடகம் வரலாற்றுப் பாடமா, மக்கள் சிரித்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் சொல்லக்கூடும். அந்த வாதத்தை நான் இலேசாக ஒதுக்கவில்லை. நாள் முழுதும் தறிப்பள்ளத்திலோ இரும்பாலையிலோ உழைத்துவிட்டு வருகிறவருக்கு ஆண்டுக் கணக்குகள் தேவையில்லை. ஆனால் எழுதுகிறவருக்கு அவை தேவை. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் கிந்தனார் காலட்சேபம் நடத்தியபோது, காலட்சேபத்தின் ஒவ்வொரு நெளிவும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அது காலட்சேபமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. வானொலிக் கூடத்தில், ஒலிபரப்பு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் என்னென்ன செய்யக் கூடாது என்று தெரியாதவரால், அதைச் செய்துவிடுகிறவரை வைத்து ஒரு காட்சி எழுத முடியாது. அறியாமல் எழுதும்போது மீதமிருப்பது மனிதரின் பேச்சும் தோற்றமும் ஊரும்தான். அங்கேதான் அந்தத் தறிக்காரப் பெண் அகப்பட்டுக்கொண்டாள். அக்காலத்தில் மேடைக்கும் படத்துக்கும் வானொலிக்கும் வந்த பெண்கள் பலர் வீட்டாரின் சினத்தையும் ஊராரின் பேச்சையும் தாங்கிக்கொண்டு வந்தவர்கள். அவர்களுடைய பேச்சைக் கேலிப் பொருளாக்கிய காட்சியை அடுத்த அரங்கேற்றத்துக்கு முன் நீக்கிவிட வேண்டும் என்று அக்குழுவினரை அன்போடு, ஆனால் உறுதியோடு கேட்டுக்கொள்கிறேன்.

சேலத்துக்கு இந்தத் துறையில் ஓர் உரிமையும் இருக்கிறது. 1930-களில் டி. ஆர். சுந்தரம் அவர்கள் ஏற்காட்டுச் சாலையில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், மேடைக் குரல்களைப் படக் குரல்களாக மாற்றிய பட்டறை. கடைசி வரிசைக்குக் கேட்கக் கத்திப் பழகியவர்கள் கருவியின் முன் மெதுவாகப் பேசக் கற்ற ஊர் இது. இன்று அங்கே நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. அந்தக் கலைஞர்களும் தொழிலாளர்களும் சொன்ன கதைகள் அவர்களுடைய குடும்பங்களில் இன்னும் இருக்கின்றன. அதேபோல் திருச்சி நிலையத்துக்கும், 1966-இல் தொடங்கிய கோவை நிலையத்துக்கும் சேலம் மாவட்டத்திலிருந்து சென்று குரல் தேர்வில் தேறி நடித்தவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். ஒத்திகைத் தாள்களைப் பெட்டியில் வைத்திருப்பவர்களும் உண்டு. தங்கள் நாளிதழ் வாரம் ஒரு பத்தியை ஒதுக்கி, நிலையத்தின் உள்ளே நடந்தவற்றை அவர்கள் வாயாலேயே கேட்டு வெளியிட்டால், நாடகம் எழுதுவோர்க்கு அது பெருங் கருவூலமாகும். ஒலிக்குறிப்புக் கலைஞர்கள், பொறியாளர்கள், தாள்களைப் படியெடுத்துக் கொடுத்த எழுத்தர்கள், வாயிற்காவலர்கள் ஆகியோரையும் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். புகழ்பெற்ற குரல்களைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டது.

அக்குழுவினருக்கு இன்னும் ஒரு வேண்டுகோள். 1924 ஜனவரியில் பிபிசிக்காக ரிச்சர்ட் ஹ்யூஸ் எழுதிய நாடகம், நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கணைந்து இருளில் சிக்கிக்கொண்டவர்களைப் பற்றியது. பார்க்க முடியாத ஊடகத்துக்கு, பாத்திரங்களே பார்க்க முடியாத ஒரு சூழலை அவர் தேர்ந்தார். தங்கள் நாடகத்திலும் ஒரு காட்சியில் அரங்க விளக்குகளை முழுவதும் அணைத்து, வானொலி நாடகத்தின் ஐந்து நிமிடத்தை நேயர் கேட்டபடியே கேட்க வையுங்கள். பிறகு விளக்கை ஏற்றி, அதே ஐந்து நிமிடத்தைக் கூடத்தில் நடந்தபடி நடித்துக் காட்டுங்கள். கொட்டாங்குச்சி, முறம், தகரம், குடை ஆகியவற்றை ஒலிவாங்கிக்கு எவ்வளவு தொலைவில், எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை. குழுவினர் விரும்பினால், எந்த நாள் மாலையிலும் ஒத்திகைக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன். என் முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.